கட்சிப் பெயரை அப்புறம் சொல்லுங்கள்

கேள்வி: அரசு கலைக் கல்லூரியில் அரசியல் அறிவியல் எடுக்கிறேன். ஒரே வகுப்பில் நூறு பேர். தேர்தல் முறை பாடத்தை விரிவுரையாக நடத்தினால் பாதிப்பேர் கவனிப்பதில்லை. விவாதிக்க விட்டால் கட்சிச் சண்டையாகிறது. என்ன செய்யலாம்?
- கௌரவ விரிவுரையாளர், விழுப்புரம்

பதில்: விவாதத்தை விட்டுவிடாதீர்கள். கட்சிப் பெயரை மட்டும் முதலில் மறைத்துவிடுங்கள்.

கரும்பலகையில் இவ்வளவுதான் எழுத வேண்டும்: மொத்தம் 39 தொகுதி. 'அ' கட்சிக்கு ஏறத்தாழ 44 சதவீத வாக்கு, 'ஆ' கட்சிக்கு ஏறத்தாழ 24. யாருக்கு எத்தனை இடம்? ஒவ்வொருவரும் துண்டுத்தாளில் விடையையும் இரண்டு வரிக் காரணத்தையும் எழுதட்டும், நான்கு நிமிடம். அதன்பிறகே பக்கத்தில் இருப்பவரோடு பேச்சு. எழுதும் முன்பே பேச விட்டால், முதல் பெஞ்சில் நான்கு பேர் சொல்வதே வகுப்பு முழுவதின் விடையாகிவிடும்.

சதவீதக் கணக்குப் போட்டவர்கள் 17, 9 என்று எழுதியிருப்பார்கள். இப்போது உண்மை விடையை எழுதுங்கள்: 37, 0. தமிழ்நாட்டில் 2014 மக்களவைத் தேர்தலில் அ.தி.மு.க.வும் தி.மு.க.வும் பெற்றது இதுதான். "அதெப்படி சார்?" என்று கேள்வி வரும்போது விரிவுரையைத் தொடங்குங்கள், இருபது நிமிடம் போதும். தொகுதியில் முதலில் வருபவருக்கே இடம், மற்றவர் வாங்கிய வாக்கு வேறெங்கும் போய்ச் சேராது என்பதை ஒரு தொகுதியின் எண்களை வைத்தே காட்டலாம். அந்த முறை பா.ஜ.க. கூட்டணி தனி, காங்கிரஸ் தனி என்று எதிர் வாக்குகள் சிதறியதையும் சேருங்கள்.

இங்கே இரண்டு தவறு நேரும். 24 என்பது கட்சியின் வாக்கு மட்டுமே. கூட்டணிக்கு விட்டுக்கொடுத்த தொகுதிகளின் வாக்கு அதில் இல்லை. வாக்குச் சதவீதப்படி இடம் தரும் விகிதாசார முறை இருந்திருந்தால் அ.தி.மு.க.வுக்கு 17தான் கிடைத்திருக்கும் என்றும் முடிவுகட்டக் கூடாது. முறை மாறினால் கூட்டணியும் மாறும், மக்கள் வாக்களிக்கும் விதமும் மாறும். இந்த இரண்டாவதை மாணவர்களே கண்டுபிடிக்கும்வரை காத்திருங்கள். அவசரப்பட்டுச் சொல்லிவிட்டால் அதுவும் நோட்ஸில் ஒரு வரியாகிவிடும்.

நூறு தாளையும் திருத்த முயலாதீர்கள். இரண்டே வாரத்தில் களைத்துப்போவீர்கள். வாரம் 25 பேர் என்று சுழற்சியில் திருத்தினால், தாளுக்கு இரண்டு நிமிடம் வீதம் ஐம்பது நிமிட வேலை. எண் தவறினாலும் காரணம் சரியாக இருந்தால் மதிப்பெண் உண்டு என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் பக்கத்துத் தாளைப் பார்த்து எழுதுவார்கள்.

கேள்வி: "நீங்க எந்தக் கட்சி?" என்று மாணவர்கள் கேட்டால்?

பதில்: சொல்லாதீர்கள். மதிப்பெண் போடும் கை உங்களுடையது. தெரிந்துவிட்டால் உங்களுக்குப் பிடித்ததையே எழுதுவார்கள்.