வட்டியில்லாப் படிப்புக் கடனும் வீட்டுத் தேவைகளும்: திருகோணமலை வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை 2017இல் ஆரம்பித்த வட்டியில்லா மாணவர் கடன் திட்டத்தைப் பற்றியவை. உயர்தரம் சித்தியடைந்தும் அரச பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்காத பிள்ளைகள், அரசு அங்கீகரித்த தனியார் நிறுவனங்களில் பட்டம் படிக்க வந்த திட்டம் இது. வட்டியை அரசாங்கம் வங்கிக்குக் கட்டுகிறது, வாங்கிய கடன் தொகையை நீங்கள் கட்டுகிறீர்கள். கீழே உள்ள பதில்களில் பாதி இந்த ஒரு விஷயத்தில்தான் நிற்கிறது.

கேள்வி: அந்தக் கடனில் ஐ.டி. பட்டம் முடித்தேன். இப்போது சம்பளம் 70,000 ரூபா, தவணை 11,500. வெளிநாட்டில் இருக்கும் அண்ணா 3 இலட்சம் அனுப்பியிருக்கிறார். "கடனில் போடு, தலையிடி முடியட்டும்" என்கிறா அம்மா. எனக்கு ஒரு துண்டுக் காணி வாங்க ஆசை. (உப்புவெளி வாசகி)

பதில்: அம்மாவின் பயம் நியாயமானது. வட்டிக் கடனில் வீடு வாசலை இழந்தவர்களைப் பார்த்த தலைமுறை அது. ஆனால் இந்தக் கடனில் கணக்கு உங்கள் பக்கம் நிற்கிறது. 3 இலட்சத்தை இன்று கட்டினால் உங்களுக்கு ஒரு சதம்கூட வட்டி மிச்சமாகாது. அதே காசை வருடம் 8 வீதத்தில் நிலையான வைப்பில் போட்டால் 24,000 ரூபா வரும், அதாவது இரண்டு தவணைக் காசு. வட்டியில் 10 வீதம் வரி பிடிப்பார்கள். ஆனால் உங்கள் வருட வருமானம் 18 இலட்சத்துக்குள்தான் இருக்கிறது. சுய அறிவிப்புப் படிவம் ஒன்றை வங்கியில் கொடுத்தால் அதையும் பிடிக்கமாட்டார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. 2022 செப்டெம்பரில் நம் நாட்டில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. அரிசி, மா, பெற்றோல் எல்லாம் ஏறியபோதும் வட்டியில்லாக் கடனின் தவணை இருந்த இடத்திலேயே இருந்தது. சம்பளம் கொஞ்சம் கூடினால் போதும், அந்தத் தவணையின் பாரம் வருடத்துக்கு வருடம் தானாகவே குறையும். அதனால் முன்கூட்டிக் கட்டாதீர்கள். தவணை மட்டும் ஒரு நாளும் தவறக்கூடாது.

என் யோசனை இது. ஆறு மாதத் தவணையை, அதாவது 69,000 ரூபாவை, தனிச் சேமிப்புக் கணக்கில் போடுங்கள். வேலை போனாலும் அது உங்களைத் தாங்கும். மிச்சத்தை ஒரு வருட வைப்பில் இடுங்கள். யாராவது ஒரு நிதிக் கம்பனியைக் காட்டி, அங்கே வட்டி கூட என்று சொன்னால், அதற்கு மத்திய வங்கியின் அனுமதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அனுமதி பெற்ற நிறுவனம் முறிந்தாலும், வைப்புக் காப்புறுதியில் ஒருவருக்கு 11 இலட்சம் வரைதான் கிடைக்கும்.

காணி ஆசை நல்லது, ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை. நம் மாவட்டத்தில் பெர்மிட் காணி, அதாவது அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி, நிறைய. பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் அதை விற்க முடியாது. "கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்" என்று யார் சொன்னாலும் காசைக் கொடுத்துவிடாதீர்கள். உறுதிப்பத்திரம் உள்ள சொந்தக் காணியா என்று நொத்தாரிசு பார்த்துச் சொன்ன பிறகுதான் அட்வான்ஸ்.

கேள்வி: நிலாவெளியில் புறாமலைக்குப் படகு ஓடுகிற இடத்தில் வேலை. மே முதல் செப்டெம்பர் வரை நல்ல காசு. வாடை தொடங்கினால் கை வெறுமை. தவணை 9,000. மார்கழியிலும் தையிலும் கட்ட முடியாமல் தவிக்கிறேன்.

பதில்: உங்கள் வருமானம் ஐந்து மாதம், வங்கியின் நாட்காட்டி பன்னிரண்டு மாதம். இரண்டையும் நீங்கள்தான் பொருத்த வேண்டும். வருடத் தவணை 1,08,000 ரூபா. அதை ஐந்தாகப் பிரித்தால் மாதம் 21,600. சீசன் காசு கைக்கு வந்தவுடன், வேறு எதற்கும் தொடாமல், இதை ஒரு தனிக் கணக்கில் போடுங்கள். அந்தக் கணக்கிலிருந்து மாதாமாதம் தவணை தானாகப் போக வங்கியில் நிலையான கட்டளை எழுதிக் கொடுங்கள். ஏ.டி.எம். அட்டை வாங்காமல் விடுங்கள். அப்புறம், கடல் கொந்தளித்து சீசன் பிந்தினால், தவணை தவறுவதற்கு முன்பே வங்கிக்குப் போய்ச் சொல்லுங்கள். தவறிய பிறகு போகிறவரைவிட, முன்பே வந்து சொல்கிறவரோடு பேச அதிகாரிக்கு இடம் இருக்கும்.

கேள்வி: கடையொன்றில் கணக்கெழுதுகிறேன், சம்பளம் 50,000. "ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) பிடித்தால் உனக்குத்தான் கஷ்டம், முழுச் சம்பளத்தையும் கையில் தருகிறேன், படிப்புக் கடனைக் கட்டு" என்கிறார் முதலாளி. ஒத்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். உங்கள் சம்பளத்தில் பிடிப்பது 8 வீதம், 4,000 ரூபா. அதன் மேல் முதலாளி தன் காசில் ஈ.பி.எஃப்.க்கு 12 வீதமும் ஈ.டி.எஃப்.க்கு (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதமும் போட வேண்டும். அது 7,500 ரூபா. மாதம் 4,000 கையில் வருகிறது என்று 7,500 ரூபாவை விடச் சொல்கிறார். வருடத்துக்கு 90,000 ரூபா உங்களுக்கு நட்டம். அதோடு இது நீங்கள் இருவரும் பேசித் தீர்க்கிற விஷயமே இல்லை, சட்டப்படி கட்டாயம். மரியாதையாகக் கேளுங்கள். தராவிட்டால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம். ஈ.பி.எஃப். காசைப் பிறகு எடுத்துப் படிப்புக் கடனை அடைக்கலாம் என்றும் கணக்குப் போடாதீர்கள். வேலையில் இருக்கும்போது 30 வீதம் எடுக்கிற வசதி, பத்து வருடம் பங்களித்தவர்களுக்கு, வீடு அல்லது வைத்தியத் தேவைக்குத்தான்.

கேள்வி: முதல் வருடச் செலவுக்கு அம்மாவின் சங்கிலி அடகில். மாதம் மிஞ்சுகிற 10,000 ரூபாவில் எதை முதலில் முடிப்பது? (தம்பலகாமம்)

பதில்: சங்கிலியை. அடகுக்கு வட்டி ஏறுகிறது, தவணைக் காலம் தாண்டினால் ஏலத்துக்கும் போகும். படிப்புக் கடனுக்கு உரிய தவணையை மட்டும் கட்டிவிட்டு, மிச்சம் முழுவதையும் அடகுக்குப் போடுங்கள். நகை மீண்ட அடுத்த மாதமே அந்த 10,000 சேமிப்புக்குப் போகட்டும்.

கேள்வி: மூதூரில் ஆசிரியர். மருமகனின் கடனுக்குப் பிணை நின்றேன். அவன் கட்டார் போய் ஐந்து மாதமாகக் கட்டவில்லை. என் வீட்டுக் கடன் விண்ணப்பத்தை வங்கி நிறுத்திவைத்திருக்கிறது.

பதில்: ஐயா, பிணை என்பது சாட்சிக் கையெழுத்து இல்லை. அவர் கட்டாதபோது அந்தக் கடன் உங்களுடையதாகிறது. கொடுகடன் தகவல் பணியகத்தின் அறிக்கையில், அதாவது கிரிப்பில், நீங்கள் பிணை நின்ற கடனும் வரும். ஆனால் கடன் தருவதா இல்லையா என்று கிரிப் முடிவெடுப்பதில்லை. அது வங்கியின் முடிவு, அதனால் பேச இடம் இருக்கிறது. முதலில் உங்கள் சொந்த கிரிப் அறிக்கையை எடுங்கள். பிறகு கடன் கொடுத்த கிளையில் நிலுவை எவ்வளவு என்று எழுத்தில் வாங்கி, அதை மருமகனுக்கு அனுப்புங்கள். தொலைபேசியில் கோபப்படுவதைவிட அந்தக் கடிதம் அதிகம் பேசும். மொத்தமாகக் கட்ட முடியாவிட்டால், நிலுவையைப் பிரித்துக் கட்டும் மறுஒழுங்குக்கு அவர் வங்கிக்கு எழுதட்டும். கட்டாரிலிருந்து காசு உங்கள் கைக்கு வராமல் நேரே கடன் கணக்குக்குப் போகட்டும். நிலுவை தீர்ந்ததும் வங்கியிடம் கடிதம் வாங்கி, கிரிப்பை மறுபடி எடுத்துப் பார்த்துவிட்டு, இரண்டையும் இணைத்து வீட்டுக் கடன் விண்ணப்பத்தைத் திரும்பக் கொடுங்கள்.