எண்ணுக்கும் பேரன் உண்டு: சண்டை விமான அணிகள் பற்றிக் கேள்வி பதில்

உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பித்து ஓய்வு பெற்றவன் நான். விமானப் பைத்தியம் சின்ன வயதிலேயே பிடித்துவிட்டது. எப்படிப் பிடித்தது என்பது கீழே ஒரு பதிலில் வரும். சண்டை விமான அணிகளின் மரபு பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். எந்த நாட்டுப் பிளேன் பெரிது என்று கேட்டவர்களுக்குப் பதில் இல்லை. அந்தச் சண்டைக்குத் தேத்தண்ணிக் கடை இருக்கிறது.

கொக்குவிலிலிருந்து: மாஸ்டர், ஸ்குவாட்ரன் எண்டால் கொஞ்சப் பிளேன்கள்தானே? பழைய பிளேனைக் கழிச்சுப் புதுசு வாங்கினால் பிறகு என்ன மரபு?

பிளேன் வரும், போகும். எண்தான் ஸ்குவாட்ரன். பத்துப் பன்னிரண்டு விமானங்கள், அவற்றின் ஓட்டிகள், அவர்களைவிடப் பல மடங்கு தொகையான தொழில்நுட்பக்காரர், மேலே ஒரு கட்டளை அதிகாரி. இத்தனை பேரையும் ஒன்றாகக் கட்டி வைத்திருப்பது அந்த எண். அணியைக் கலைத்தாலும் எண்ணை அழிப்பதில்லை, தூங்க வைப்பார்கள். பல வருடம் கழித்துப் புதிய விமானம் வரும்போது அந்த எண்ணையே எழுப்பிக் கொடுப்பார்கள்.

இந்தியாவின் 17ஆம் அணியைப் பாருங்கள், ‘கோல்டன் அரோஸ்’ என்பார்கள். 1999இல் கார்கில் சண்டையின்போது மிக்-21 ஓட்டியது. அஜய் அஹூஜா என்ற ஓட்டி அந்தச் சண்டையில் இறந்தார். அன்று அணிக்குத் தலைமை வகித்தவர் தனோவா. மிக்-21கள் போனபோது அணியும் கலைந்தது. 2019 செப்டம்பரில் ரஃபால் விமானங்களுக்காக அம்பாலாவில் அதே எண்ணை எழுப்பினார்கள். எழுப்பி வைத்தவர் அதே தனோவா, அப்போது அவர் இந்திய விமானப்படையின் தளபதி.

எங்களுக்கு இது புதிதா? தாத்தாவின் பெயரைச் சுமப்பதால்தானே பெயரன், பேரன் ஆனான். பேரன் தாத்தாவின் சைக்கிளை ஓடுவதில்லை. ஆனால் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பது அந்தப் பெயருக்குத்தான்.

சுன்னாகத்திலிருந்து: சின்னங்களை ஆர் கீறுறது? விருப்பத்துக்குக் கீறலாமா?

ஆரம்பத்தில் விருப்பத்துக்குத்தான் கீறினார்கள். 1936இலிருந்து பிரித்தானிய விமானப்படை ஒரு ஒழுங்குக்கு வந்தது. குலச்சின்னங்களைப் பார்க்கும் அரச அதிகாரி ஒருவர் சரிபார்ப்பார், கடைசியில் மன்னர் கையொப்பமிடுவார். ஆனாலும் உள்ளே இருக்கும் கதை அணியின் சொந்தக் கதைதான். 43ஆம் அணிக்குச் சண்டைச் சேவல், ஏனென்றால் ஒரு காலத்தில் அவர்கள் ஓட்டிய விமானத்தின் பெயரே ‘கேம்கொக்’. 92ஆம் அணியின் சின்னத்தில் ஒரு நாகபாம்பும் மேப்பிள் இலையும். பாம்பு, அந்த அணிக்குக் காசு கொடுத்த கிழக்கிந்தியாவைக் காட்ட. இலை, முதலாம் உலகப்போரில் அந்த அணியில் இருந்த கனடாக்காரருக்காக.

எனக்குப் பிடித்தது கனடாவின் 413ஆம் அணி. அது சண்டை அணி அல்ல, அன்று கடலில் ரோந்து போன அணி. மேப்பிள் இலைக்கு முன்னால் ஒரு யானைத் தலை, பட்டப்பெயர் ‘டஸ்கர்ஸ்’, அதாவது கொம்பன்கள். பனி கொட்டும் நாட்டுக்கு யானை எங்கிருந்து போனது? இங்கிருந்துதான். அவர்கள் கொக்கலையில் இருந்தார்கள். 1942 ஏப்ரல் 4ஆம் திகதி கற்றலினா விமானத்தில் போன லெனர்ட் பேர்ச்சால் யப்பானியக் கப்பற்படையைக் கண்டு செய்தி அனுப்பினார். அனுப்பிக்கொண்டிருக்கும்போதே சுட்டு வீழ்த்தப்பட்டுச் சிறைப்பட்டார். அந்த அணி இன்றும் கனடாவில் இருக்கிறது, யானையும் இருக்கிறது.

திருகோணமலையிலிருந்து: சீனக்குடாவில இருந்த அணியைப் பற்றிச் சொல்லுங்கோ. எங்கட அம்மப்பா அந்தக் குண்டுவீச்சை நேரில பாத்தவர்.

உங்கள் அம்மப்பா பார்த்தது 1942 ஏப்ரல் 9இல் யப்பானியர் போட்ட குண்டுவீச்சு. அன்று சீனக்குடாவிலிருந்து எழுந்தது 261ஆம் அணி, ஹரிக்கேன் விமானங்கள். இந்த எண்ணுக்கும் ஒரு முற்பிறவி உண்டு. 1940இல் மோல்ட்டாத் தீவைக் காக்கப் பிறந்து, 1941இல் கலைந்து, ஈராக்கில் மறுபடி பிறந்து, 1942 மார்ச்சில் விமானந்தாங்கிக் கப்பலில் இங்கே வந்தது.

நான்கு நாளுக்கு முன், உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பில் நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இரத்மலானையில் 30ஆம் அணி. கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலில் 258ஆம் அணி, சிங்கப்பூரிலும் யாவாவிலும் அடிவாங்கித் தப்பி வந்தவர்களை வைத்துச் சில நாட்களுக்கு முன்தான் மீண்டும் கட்டிய அணி. திடலில் ஓடுபாதை இருப்பது யப்பானியருக்குத் தெரியாது, அதனால் 258இன் 14 ஹரிக்கேன்கள் தடையில்லாமல் மேலெழுந்தன. அவற்றில் பாதிக்கு மேல் திரும்பவில்லை. இரத்மலானைக்காரருக்கு அந்த வாய்ப்பும் இல்லை. தலைக்கு மேலே எதிரி வந்த பிறகுதான் ஓடுபாதையில் ஓடத் தொடங்கினார்கள்.

ஏன் இவ்வளவு இழப்பு? யப்பானின் சீரோ விமானம் பாரம் குறைந்தது, சின்ன வட்டத்தில் திரும்பும். ஹரிக்கேன்காரர் ஜெர்மன் விமானங்களோடு சண்டை பிடித்துப் பழகியவர்கள், எதிரியோடு வட்டமடித்துத் திரும்புவார்கள். சீரோவோடு அப்படித் திரும்பினால் இரண்டாம் வட்டத்தில் அது உங்கள் முதுகுக்குப் பின்னால் நிற்கும். உயரத்திலிருந்து பாய்ந்து, சுட்டு, நிற்காமல் போய்விடவேண்டும். அந்தப் பாடத்தை உயிரைக் கொடுத்துப் படித்தார்கள்.

இந்தச் சண்டைக்குப் பிரித்தானிய விமானப்படையில் ஒரு போர் விருதுப் பெயர் உண்டு: ‘சிலோன், ஏப்ரல் 1942’. அணிக்கொடி என்ற வழக்கத்தை 1943இல் ஆறாம் ஜோர்ஜ் மன்னர் தொடங்கிவைத்தார். 25 வருடச் சேவை முடித்த அணிக்குப் பட்டுக்கொடி கிடைக்கும், அதில் இப்படியான பெயர்களைத் தைப்பார்கள். கொடி பழசானாலோ அணி கலைந்தாலோ ஒரு தேவாலயத்தில் கொண்டுபோய் வைப்பார்கள். அங்கே அது உக்கும்வரை தொங்கும், யாரும் புதுப்பிக்கமாட்டார்கள்.

நிலாவெளி வீதியில் உள்ள போர் மயானத்துக்கு ஒருமுறை மாணவர்களைக் கூட்டிப் போனேன். ஒரே உயரத்தில் வெள்ளைக் கற்கள், விமானப்படைக்காரருக்குக் கழுகுச் சின்னம். பெயர், வயது, திகதி எல்லாம் இருக்கும், அணியின் எண்ணைக் காணவில்லை. ஒரு பெடியன் கல்லில் எழுதியிருந்த வயதை வாசித்துவிட்டு, “சேர், எங்கட அண்ணாவின்ர வயசு” என்றான். பிறகு பஸ் ஏறும்வரை அவன் கதைக்கவில்லை.

ரொறொன்ரோவிலிருந்து: இதில எங்கட ஆக்களுக்கு ஏதும் பங்கு இருக்கா, அல்லது வெள்ளைக்காரன்ர கதை மட்டும்தானா?

பங்கு இருக்கிறது, முக்கியமாகக் காசுப் பங்கு! முதலாம் உலகப்போரில் மலாயாவில் வேலைபார்த்த யாழ்ப்பாணத்தவர்கள் காசு சேர்த்து ஒரு விமானம் கொடுத்தார்கள். அதற்கு வைத்த பெயர் ‘தி ஜஃப்னா’. புகையிரதத்திலும் கந்தோரிலும் கிளாக்கர் வேலை செய்து ஊருக்கு மணியோடர் அனுப்பிய மனிதர்கள். பிள்ளையின் படிப்பு, தங்கச்சியின் சீதனம், கோவில் திருப்பணி, இவற்றோடு பிரித்தானியனுக்கு ஒரு பிளேன்! விசுவாசமா, வேலைப் பயமா, ஊர்ப் பெருமையா என்று கேட்டால், மூன்றும்தான் என்பேன். பிளேனுக்கு மன்னரின் பெயரை வைக்காமல் ஊரின் பெயரை வைத்தார்களே, அதைப் பார்த்தால் மூன்றாவது கொஞ்சம் கூட.

இரண்டாம் உலகப்போரில் கொடை கொடுத்த இடத்தின் பெயரை முழு அணிக்கே சூட்டினார்கள். 102ஆம் அணியின் பெயரில் ‘சிலோன்’ உண்டு, அது குண்டுவீச்சு அணி. சண்டை அணிகளில் 234, 264 இரண்டும் ‘மெட்ராஸ் பிரசிடென்சி’. இந்த 264இன் கதை பாவம். அவர்களுக்குக் கிடைத்த டிஃபையன்ற் விமானத்தில் முன்னால் சுடத் துவக்கே இல்லை, ஓட்டிக்குப் பின்னால் சுழலும் கூண்டில் ஒருவர் இருந்து சுடவேண்டும். எதிரி ஏமாந்தது கொஞ்ச நாள்தான். நேர் முன்னாலும் கீழாலும் வந்து அடிக்கப் பழகிவிட்டான். 1940 ஆகஸ்டில் பட்ட அடியோடு பகல் சண்டையிலிருந்து எடுத்து இரவுச் சண்டைக்கு மாற்றினார்கள்.

மானிப்பாயிலிருந்து: பழைய படங்களில எல்லா ஓட்டிகளும் கழுத்தில பட்டுச் சால்வை கட்டியிருக்கினம். ஸ்டைலா?

பாதி ஸ்டைல். மீதி, கழுத்து. எதிரி பின்னால் வருகிறானா என்று தலையைத் திருப்பிக்கொண்டே இருக்கவேண்டும். விறைத்த கொலர் உரசித் தோல் உரியும், பட்டு உரசாது. மேல் பொத்தானைப் பூட்டாமல் விடுவதும் சண்டை விமான ஓட்டியின் அடையாளம். உள்ளூர் பஸ் கொண்டக்டர் ரிக்கற் கட்டை விரலிடுக்கில் செருகுவதுபோல, பார்த்தவுடன் தொழில் தெரியும்.

நல்லூரிலிருந்து: மாஸ்டர், கோவிக்காதேங்கோ. எங்கட தலையில குண்டு போட்ட பிளேன்களும் ஏதோ ஒரு ஸ்குவாட்ரன்தானே? இதில என்ன மரபு, என்ன கொண்டாட்டம்?

கோபமில்லை. வரவேண்டிய கேள்வி.

எனக்கு விமானப் பைத்தியம் பிடித்தது உள்நாட்டுப் போர்க்காலப் பங்கருக்குள்ளே. பனங்குற்றி அடுக்கி, மண்மூட்டை போட்ட குழி, மாரியில் முழங்கால் வரை தண்ணீர். எங்கள் ஆச்சிக்கு எழுத வாசிக்கத் தெரியாது. ஆனால் சத்தத்தை வைத்துச் சொல்லுவா: “இது சியாமாச்செட்டி, சுத்தித்தான் அடிப்பான், ஓடலாம்.” ஹெலி என்றால் ஒரு மாதிரி, அவ்ரோ என்றால் இன்னொரு மாதிரி. பிறகு கிபிர் என்ற ஜெட் விமானம் வந்தபோது ஆச்சியின் கலை தோற்றது. அது போன பிறகுதான் சத்தம் வரும். சியாமாச்செட்டி என்பது இத்தாலியக் கொம்பனி ஒன்றின் பெயர் என்று பெரியவனான பிறகுதான் அறிந்தேன். அதைச் செட்டியார் ஆக்கியது எங்கள் சனம்.

மேலே பறந்தவனுக்கு அணி, எண், சின்னம், கொடி எல்லாம் இருந்திருக்கும். கீழே இருந்தவனுக்கு இருந்தது காது. இரண்டும் மரபுதான், ஒன்றுக்குத்தான் பட்டுத்துணி கிடைத்தது. அணிகளின் கதையை நான் படிப்பது கொண்டாட அல்ல. ஆனால் ஒரு அணியின் வரலாற்றை எழுதுகிறவர் கீழே யார் இருந்தார்கள் என்று ஒரு வரியும் எழுதாமல் போனால், அந்தப் புத்தகத்தை நான் பாதியில் மூடிவிடுவேன். பல புத்தகங்களை அப்படி மூடியிருக்கிறேன்.

தெல்லிப்பழையிலிருந்து: பலாலியில உலகப்போர்க் காலத்தில சண்டை விமானம் நிண்டதா?

பெயர் பெற்றவை சண்டை விமானங்கள் அல்ல, நான்கு எஞ்சின் பூட்டிய லிபரேற்றர்கள். ‘காங்கேசன்துறை’ என்ற பெயரில் இருந்த அந்தத் தளத்தில் 160ஆம், 203ஆம் அணிகள் நின்றிருக்கின்றன. 160இன் குறிக்கோள் வாசகம் சிங்களத்தில் இருக்கிறது, ‘தேடித் தாக்குவோம்’ என்ற பொருளில். சின்னத்தில் வாளேந்திய சிங்கம். லத்தீன் மொழியே கோலோச்சிய காலத்தில் அது அபூர்வம்தான். எங்கள் ஊரில் இருந்தபோது ஒரு பனையையாவது சேர்த்திருக்கலாம். 30ஆம் அணியின் சின்னத்தில் மரம் இருக்கிறது, ஆனால் அது ஈராக்கின் ஈச்சை.

கோண்டாவிலிலிருந்து: மகன் ஹரிக்கேன் மொடல் ஒண்டு ஒட்டுறான். எங்கட நாட்டில பறந்ததுபோல நிறம் அடிக்கவேணுமாம். என்ன நிறம்?

மேலே கரும்பச்சையும் மண்ணிறமும் வளைந்து வளைந்து வரவேண்டும். தூரிகையை நன்றாக ஒற்றிவிட்டு அடிக்கச் சொல்லுங்கள், தடித்தால் தகட்டுக் கோடுகள் மறைந்துபோகும். பக்கத்திலுள்ள வட்டச் சின்னத்தின் நடுவில் சிவப்புப் பொட்டு வைக்கவேண்டும். பெட்டிக்குள் வரும் சில ஸ்ரிக்கர்களில் பொட்டு இராது. அது பிந்திய காலத்துக்குரியது. யப்பானியரின் சிவப்பு வட்டம் என்று நினைத்துச் சொந்த ஆட்களே சுட்டுவிடக்கூடாது என்று பிறகு பொட்டை எடுத்துவிட்டார்கள். 1942 ஏப்ரல் என்றால் பொட்டு வேண்டும்.