பக்கியில் கூடுதல் டீசல் தொட்டி: பீப்பாய் வேண்டாம், நேர் இணைப்பும் வேண்டாம்

கேள்வி: 2.8 டீசல் ஹைலக்ஸ் இரட்டைக் கேபின் பக்கி (பின்னால் சுமைத்தட்டு உள்ள பிக்-அப் வண்டி) வைத்திருக்கிறேன். பின்தட்டை மூடும் கூடான கனோபியும் உண்டு. டர்பனுக்கு வடக்கே டொங்காட் பக்கம் கரும்புத் தோட்டத்து டிராக்டருக்கு டீசல் கொண்டுபோகவும், குளிர்காலத்தில் குடும்பத்தோடு போட்ஸ்வானா எல்லையிலுள்ள கலகாடி வனவிலங்குப் பூங்காவுக்குப் போகவும் கூடுதல் தொட்டி தேவை. வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் என் மைத்துனர், பழைய 200 லிட்டர் எண்ணெய்ப் பீப்பாயைப் படுக்கவைத்துப் பொருத்தி, குழாயை நேராக எஞ்சினுக்குக் கொடுத்துவிடலாம் என்கிறார். செய்யலாமா, ஐயா?

பதில்: உங்கள் மைத்துனரின் கைத்திறனில் எனக்குச் சந்தேகமில்லை. சந்தேகமெல்லாம் பீப்பாயின் மீதுதான். முன்பு அதில் என்ன இருந்தது என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. காலியாகத் தெரியும் பீப்பாயில் தங்கியிருக்கும் ஆவிதான் வெல்டிங் பொறி பட்டதும் வெடிக்கிறது. தண்ணீர் விட்டு ஒருமுறை அலசினால் அது போய்விடாது. ஆகவே பீப்பாயைத் தோட்டத்திலேயே விட்டுவிட்டு, எரிபொருளுக்கென்றே செய்த புதுத் தொட்டியாக வாங்குங்கள். 3 மி.மீ. அலுமினியமோ எஃகோ எதுவானாலும் சரி. துத்தநாகம் பூசிய தகடு மட்டும் கூடாது. துத்தநாகம் டீசலோடு வினைபுரிந்து சோப்பு போன்ற படிவாகி, எஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கும் உட்செலுத்திகளின் நுண்துளைகளை அடைத்துவிடும். செம்புக்குழாயும் டீசலைக் கெடுக்கும்.

அடுத்து அளவு. ஒரு லிட்டர் டீசல் ஏறத்தாழ 0.84 கிலோ. 200 லிட்டர் என்றால் 168 கிலோ; தொட்டி, தாங்கிகள், பம்பு எல்லாம் சேர்ந்தால் 200 கிலோவைத் தாண்டும். மூன்று பெரியவர்களை நிரந்தரமாகப் பின்னால் ஏற்றிவைத்ததற்குச் சமம். கனோபியும் குடும்பமும் குளிர்பெட்டியும் தண்ணீரும் அதற்கு மேல். எல்லாவற்றையும் கூட்டி, வண்டியின் தகட்டில் உள்ள அனுமதிக்கப்பட்ட மொத்த எடையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 'ஒரு டன் பக்கி' என்ற பெயரை நம்பி ஏமாறுகிறவர்கள் அதிகம்.

என் கணக்கில் உங்களுக்கு 100 லிட்டர் போதும். பிரதான தொட்டி 80 லிட்டர். இரண்டும் சேர்ந்தால், மணலில் 100 கிலோமீட்டருக்கு 15 லிட்டர் குடித்தால்கூட 1,200 கிலோமீட்டர் போகலாம். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: கலகாடியில் ட்வீ ரிவியரன், நோசோப், மாட்டா-மாட்டா ஆகிய மூன்று முகாம்களிலும் எரிபொருள் கிடைக்கிறது. போட்ஸ்வானா பக்கத்து மபுவாசெஹூபே வரை போகிறவர்களுக்குத்தான் கூடுதல் தொட்டி உண்மையான தேவை. நீங்கள் அங்கே போகவில்லையென்றால், இந்தச் செலவு டிராக்டருக்காக மட்டும்தான்.

பொருத்தும் இடம் பின்தட்டின் முன்பகுதி, கேபின் சுவரை ஒட்டி. பின் அச்சுக்குப் பின்னால் கனம் ஏறினால் முன்சக்கரங்களின் பிடி குறையும். தொட்டிக்குள் தடுப்புத் தகடுகள் இருக்கவேண்டும். இல்லாவிட்டால், பாதி நிரம்பிய தொட்டியோடு வான் ரீனன் கணவாயில் இறங்கும்போது ஒவ்வொரு பிரேக்குக்கும் டீசல் முன்னே பாயும், வளைவில் பக்கவாட்டில் மோதும். பின்தட்டின் மெல்லிய தகட்டில் நான்கு திருகாணி போட்டு நிறுத்துவது பொருத்துதல் ஆகாது. பலமான மோதலில் பொருளின் எடையைப்போல் 20 மடங்கு விசை இழுக்கும். 110 கிலோ தொட்டி இரண்டு டன்னுக்கு மேல் இழுக்கும், அதுவும் உங்கள் பிள்ளைகள் உட்காரும் பின்னிருக்கையை நோக்கி. திருகாணிகள் தட்டைக் கடந்து சட்டத்தோடு சேரவேண்டும். அடியில் அகலமான எஃகுத் தகடும், தொட்டியைச் சுற்றி எஃகுப் பட்டையும், இடையே ரப்பரும் வையுங்கள். துளையிடுமுன் கீழே குனிந்து, பிரேக் குழாயும் வயரும் எங்கே ஓடுகின்றன என்று பார்த்துவிடுங்கள்.

நேராக எஞ்சினுக்கு இணைப்பது முற்றிலும் தவறு. உங்கள் எஞ்சின் காமன் ரெயில் வகை; அதாவது, உயரழுத்த பம்பு டீசலை ஒரு பொதுக்குழாயில் தேக்கி, அங்கிருந்து உட்செலுத்திகளுக்குக் கொடுக்கும். அது எடுத்துக்கொள்ளும் டீசல் முழுவதையும் எரிப்பதில்லை. ஒரு பகுதி திரும்பிப் பிரதான தொட்டிக்கே வரும். கூடுதல் தொட்டியிலிருந்து எடுத்துப் பிரதான தொட்டியில் கொட்டிக்கொண்டே இருந்தால் அது ஒருகட்டத்தில் நிரம்பி வழியும். கூடுதல் தொட்டி வற்றினாலோ காற்று உள்ளே போகும். உயரழுத்த பம்புக்கு மசகாக இருப்பதே டீசல்தான். அது இல்லாமல் ஓடினால் பம்பு தேய்ந்து, உலோகத்தூள் உட்செலுத்திகள் வரை போய்விடும். அந்தப் பழுதுக்கு ஆகும் பணத்தில் பத்துத் தொட்டி வாங்கலாம்.

சரியான வழி, சிறு மின்பம்பு வைத்துக் கூடுதல் தொட்டியிலிருந்து பிரதான தொட்டியின் நிரப்புக்குழாய்க்கு டீசலை மாற்றுவதே. இதில் பலர் தவறவிடுவது ஒன்று உண்டு. பின்தட்டில் இருக்கும் தொட்டி பிரதான தொட்டியை விட உயரம். பம்பை நிறுத்தினாலும் டீசல் தானாகவே கீழே இறங்கிக்கொண்டிருக்கலாம். இரவெல்லாம் வழிந்து காலையில் தரையில் குளமாகக் கிடக்கும். மின்சாரம் இல்லாதபோது மூடியே நிற்கும் சோலினாய்டு வால்வு (மின்சாரத்தால் திறக்கும் வால்வு) ஒன்றையும், தொட்டி வாயிலில் கைவால்வு ஒன்றையும் போடுங்கள். பம்பின் மின்இணைப்பு இக்னிஷன் வழியாக, பேட்டரிக்கு அருகே ஃப்யூஸோடு வரட்டும். பிரதான தொட்டி கால்பங்குக்கு இறங்கியதும் பம்பைப் போடுங்கள். அப்போது 60 லிட்டருக்கு இடமிருக்கும். 50 லிட்டரோடு நிறுத்துங்கள். பம்பு நிமிடத்துக்கு 2 லிட்டர் தள்ளினால் அது 25 நிமிட வேலை. நினைவை நம்பாமல் டைமர் சுவிட்ச் வைத்துவிடுங்கள்.

காற்றுக்குழாய் கண்டிப்பாக வேண்டும். டீசல் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.08 சதவீதம் விரியும். நிலத்தடித் தொட்டியிலிருந்து குளிர்ச்சியாக நிரப்பிய 100 லிட்டர், மூடிய கனோபிக்குள் 30 டிகிரி சூடேறினால் இரண்டரை லிட்டர் பெருகிவிடும். அதனால் விளிம்புவரை நிரப்பாதீர்கள். காற்றுக்குழாய் தொட்டியின் உச்சியில் தொடங்கி, ஒரு வளைவு மேலேறி, பின்தட்டுக்கு அடியில் வெளியே முடியவேண்டும். வண்டி கவிழ்ந்தால் அடைத்துக்கொள்ளும் வால்வும் அதில் இருக்கட்டும். நிரப்பும் வாயும் கனோபிக்கு வெளியே எட்டும்படி, பூட்டோடு அமையட்டும். பெட்ரோல் வண்டிக்காரர்கள் இதைப் பின்பற்ற வேண்டாம். உறைநிலைக்கு வெகு கீழேயும் பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளும்.

குழாய்கள் டீசலுக்கென்றே செய்த நைட்ரைல் ரப்பராக இருக்கட்டும். தோட்டக்குழாய் சில மாதங்களில் ஊறிக் குழைந்துவிடும். தகட்டைக் கடக்கும் இடங்களில் ரப்பர் வளையம் போடுங்கள். புகைக்குழாயிலிருந்து தள்ளி ஓட்டுங்கள். முதல்முறை நிரப்புமுன் 20 கிலோபாஸ்கல் காற்றழுத்தத்தில் சோப்புநீர் தடவிக் கசிவு பாருங்கள். கம்ப்ரஸரை முழு வேகத்தில் திறந்தால் தொட்டி உப்பிப் பிளக்கும். 500 கிலோமீட்டர் ஓடியபின் திருகாணிகளை மறுபடி முறுக்குங்கள்.

காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். விபத்துக்குப்பின் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி மாற்றங்களைப் பற்றியதாகவே இருக்கும். விவசாய டீசலுக்குக் கட்டிய வரியைத் திரும்பக் கோருகிறீர்கள் என்றால், டிராக்டருக்குப் போன லிட்டரையும் பக்கி குடித்த லிட்டரையும் தனித்தனியே குறித்துவையுங்கள். சொந்தப் பயணத்துக்கு ஓட்டியதற்கு வரி திரும்பக் கிடைக்காது. கோடையில் டர்பனில் வாங்கிய டீசலைத் தொட்டியில் வைத்திருந்து ஜூலையில் கலகாடிக்குக் கொண்டுபோகாதீர்கள். அங்கே இரவு உறைநிலைக்குக் கீழே இறங்கும். மெழுகு திரண்டு வடிகட்டி அடைபடும். கலகாடிக்குப் போகும் வழியிலுள்ள அப்பிங்டன் நகருக்கு வந்து, அந்தப் பருவத்துக்குரிய டீசலை நிரப்பிக்கொள்ளுங்கள்.