தொண்டையில் தங்கும் கிருமி: பெற்றோர் கேட்டவை

கேள்வி: ஒன்பது வயது மகளின் தொண்டையில் பஞ்சுக்குச்சியால் தடவி எடுத்துச் சோதித்ததில் ‘ஸ்ட்ரெப்டோகாக்கஸ்’ இருப்பதாக வந்திருக்கிறது. காய்ச்சலோ வலியோ இல்லை. மருந்து கொடுக்க வேண்டுமா?

பதில்: பெரும்பாலும் வேண்டியதில்லை. நலமாக ஓடியாடும் பள்ளிப் பிள்ளைகளில் ஏறத்தாழ 12 சதவீதத்தினரின் தொண்டையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸின் ‘ஏ’ வகைக் கிருமி எந்தத் தொல்லையும் தராமல் மாதக்கணக்கில் தங்கியிருக்கும். இவர்களிடமிருந்து அது பிறருக்குத் தொற்றுவதும், இவர்களுக்கே வாதக்காய்ச்சல் (இக்கிருமியின் தொண்டைத் தொற்றுக்குப் பின் மூட்டுகளையும் இதயத்தையும் தாக்கும் நோய்) வருவதும் அரிது. வீட்டில் யாருக்கேனும் வாதக்காய்ச்சல் வந்திருந்தாலோ, வகுப்பில் கொத்தாகத் தொண்டை நோய் பரவினாலோ மட்டும் மருத்துவர் வேறு விதமாக முடிவெடுப்பார். அறிகுறியே இல்லாத பிள்ளைக்கு இந்தச் சோதனையை எதற்காகச் செய்தார்கள் என்பதுதான் என் கேள்வி.

கேள்வி: இக்கிருமிக்கு எதிராக உடலில் உருவாகும் எதிர்பொருளை ரத்தத்தில் அளக்கும் ஏ.எஸ்.ஓ. சோதனையில் அளவு 400 என்கிறார்கள். பயமாக இருக்கிறது.

பதில்: அது முன்பு வந்துபோன தொற்றின் சுவடு. மூட்டு வீக்கம், மூச்சிரைப்பு போன்றவை இல்லாதபோது, அந்த எண்ணுக்காக மட்டும் மருந்து தருவதில்லை.

கேள்வி: தொண்டை கரகரத்தாலே மூன்று நாள் அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் மருந்தைக் கொடுத்துவிடுகிறோம். தவறா?

பதில்: தவறுதான். தொண்டை வலி பெரும்பாலும் வைரசால் வருவது. அதற்கு இம்மருந்தால் பயனில்லை. மருந்தை நிறுத்திய பிறகும் அது திசுக்களில் பல நாட்கள் குறைந்த அளவில் எஞ்சியிருப்பதால், எளிதில் மடியும் கிருமிகள் அழிந்து, தாக்குப்பிடிப்பவை மட்டும் தொண்டையில் பெருகுகின்றன. நலமாக இருந்த தன்னார்வலர்களுக்கு இதைக் கொடுத்துப் பார்த்து பெல்ஜிய ஆய்வாளர்கள் 2007ல் வெளியிட்ட முடிவுகளில், மருந்துக்கு மடியாத எதிர்ப்புத்திறன் பெற்ற கிருமிகளின் பெருக்கம் ஆறு மாதத்துக்குப் பின்னரும் தெரிந்தது. மாறாக, பின்லாந்தில் இதே குடும்பத்தைச் சேர்ந்த எரித்ரோமைசினின் பயன்பாட்டை நாடு முழுவதும் குறைத்தபோது, ‘ஏ’ வகைக் கிருமிகளில் அம்மருந்துக்கு எதிர்ப்புத்திறன் பெற்றவற்றின் பங்கு 1992ல் 16.5 சதவீதமாக இருந்து 1996ல் 8.6 சதவீதமாக இறங்கியது. ஃப்ரிட்ஜ் கதவில் பாதி மீந்து நிற்கும் சிரப் பாட்டிலை அடுத்த பிள்ளைக்கு எடுத்து வைக்காதீர்கள்.

கேள்வி: வாதக்காய்ச்சல் வந்த என் மகனுக்கு 21 நாளுக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போடுகிறோம். கிருமிக்கு எதிர்ப்புத்திறன் வந்துவிடும் என்று அஞ்சி நிறுத்தலாமா?

பதில்: கூடவே கூடாது. மேலே சொன்ன எதுவும் அவனுக்குப் பொருந்தாது; மறுபடி ஒரு தொற்று வந்தால் இதய வால்வு கெடக்கூடும். பென்சிலின் புழக்கத்துக்கு வந்து எண்பது ஆண்டுகள் கடந்தும், ‘ஏ’ வகைக் கிருமி அதற்கு இன்னும் கட்டுப்பட்டே வருகிறது. ஊசி நாள் தள்ளிப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.