கேள்வி – பதில்: ஸ்கேன் செய்துவிட்டு அலமாரியைக் காலி செய்யலாமா?

கேள்வி: எங்கள் சங்க நூலகத்தில் ஏறத்தாழ 3,000 தமிழ் நூல்கள் உள்ளன. எதை வைப்பது, எதைக் கழிப்பது என்று சொல்லும் சேகரிப்புத் திட்டம் 1990களில் எழுதியது. எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துவிட்டு நூல்களைக் கழித்துவிடலாம் என்கிறது செயற்குழு. சரிதானா?
– வாசகர், உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்

பதில்: அவசரப்பட வேண்டாம். ஸ்கேன் கடைசி வேலை. முதலில் எக்செலில் ஒவ்வொரு நூலுக்கும் பதிப்பாண்டு, நிலை, கடைசியாக இரவல் போன தேதி, வேறெங்கே கிடைக்கிறது ஆகியவற்றைப் பதியுங்கள். திட்டமே கடைசித் தகவலை நம்பித்தான் நிற்கிறது. தேசிய நூலக வாரியத்தின் இணையப் பட்டியலிலும், அது மின்மயமாக்கிய நூல்கள் உள்ள புக்எஸ்ஜி தளத்திலும் தேடுங்கள். தமிழில் சிக்காவிட்டால் ரோமன் எழுத்திலும் தேடுங்கள். சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்கள் பல 2015லேயே மின்மயமாகிவிட்டன. அவற்றை மறுபடி ஸ்கேன் செய்வது வீண்.

ஐந்தாண்டாக யாரும் தொடாத, பொது நூலகத்திலும் கிடைக்கும் தமிழ்நாட்டு நாவல்களைத் தாராளமாகக் கழிக்கலாம். சங்க ஆண்டு மலர், குடமுழுக்கு மலர், நாடக அழைப்பிதழ் ஆகியவற்றில் கை வைக்காதீர்கள். வேறெங்கும் கிடைக்காதவை பெரும்பாலும் இவைதான். ஸ்கேனும் இவற்றுக்கே முதலில்.

2021 பதிப்புரிமைச் சட்டப்படி, ஆசிரியர் இறந்து 70 ஆண்டுவரை நூலுக்கு உரிமை உண்டு. ஸ்கேன் செய்ய ஒன்று, இணையத்தில் ஏற்ற ஒன்று என எழுத்துமூல அனுமதியைத் தனித்தனியாகக் கேளுங்கள். மொழிபெயர்ப்பாளரையும் ஓவியரையும் பலர் மறந்துவிடுகிறார்கள்.

ஏ5 பக்கம் ஒன்றை 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) வண்ணத்தில், சுருக்காத டிஃப் (TIFF) படக் கோப்பாக எடுத்தால் சுமார் 13 எம்பி. 200 பக்க நூலுக்கு 2.6 ஜிபி. வாசிக்கத் தனியே பிடிஎஃப் போதும். பசை போட்ட பழைய நூலைத் தட்டை ஸ்கேனரில் அழுத்தினால் முதுகு பிளந்துவிடும். மேலிருந்து படமெடுக்கும் கேமரா ஸ்கேனர் நல்லது. படத்திலுள்ள எழுத்தைத் தேடக்கூடிய உரையாக்கும் எழுத்துணரி மென்பொருள் பழைய வடிவ ‘னை’, ‘றா’ போன்றவற்றில் தடுமாறும். மெய்ப்புப் பார்க்க ஆள் ஒதுக்குங்கள். பழைய எழுத்துருவில் தட்டச்சிட்ட கோப்புகளை இப்போதே யூனிகோடுக்கு மாற்றுங்கள்.

மின்னூல் வாங்குவதாக இருந்தால் உரிமத்தைப் படியுங்கள். பல உரிமங்கள் குறிப்பிட்ட காலத்துக்கோ இரவல் எண்ணிக்கைக்கோ மட்டுமே. முடிந்ததும் நூல் மறைந்துவிடும். அதை நம்பி அச்சுப்படியைத் தூக்கிப் போடாதீர்கள்.

மிஞ்சும் நூல்களுக்கு ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. பகலில் ஏர்கான் போட்டு இரவில் அணைத்தால் பூஞ்சணம் வரும். ஈரமுறிஞ்சும் கருவி ஒன்று வாங்குங்கள். கோப்புகளுக்கு மூன்று படிகள், அதில் ஒன்று வேறு கட்டடத்தில். வன்தட்டுகளை ஆண்டுக்கொரு முறை திறந்து பார்ப்பது யார் பொறுப்பு என்பதைத் திட்டத்தில் பதவியின் பெயரிலேயே எழுதிவையுங்கள். செயற்குழு மாறினாலும் வேலை நிற்காது.