38-ஆம் சொல்லில் நின்றுவிட்டவருக்கு

கேள்வி: கசாக் சிந்தனையாளர் அபாய் எழுதிய 45 'சொற்களை' (சிறு உரைநடைப் பகுதிகளை அவர் 'சொல்' என்கிறார்) ஆங்கிலத்தில் படித்து வருகிறேன். 38-ஆம் சொல்லைத் தாண்ட முடியவில்லை. இறைநம்பிக்கையும் பேசுகிறார், அறிவியலையும் புகழ்கிறார். அவர் எந்தப் பக்கம்?

பதில்: பக்கம் தேடுவதால்தான் அந்த இடத்தில் வழி அடைபடுகிறது. அபாய் குனன்பாயுலி (1845–1904) செமெய் நகர மதரஸாவில், அதாவது இஸ்லாமிய மார்க்கப் பள்ளியில் படித்தவர். கொஞ்ச காலம் ரஷ்யப் பள்ளிக்கும் போனவர். இரண்டும் அவருக்குள் சண்டையில்லாமல் இருந்தன.

38-ஐ இப்போதைக்கு மூடிவையுங்கள். 7, 13, 17 ஆகியவற்றைப் படித்துவிட்டுத் திரும்பி வாருங்கள், மூன்றுமே சிறியவை.

ஏழாம் சொல்லில் ஒரு குழந்தை வருகிறது. கண்ணில் பட்டதையெல்லாம் எட்டிப் பிடிக்கிறது, வாயில் வைத்துப் பார்க்கிறது, வளர்ந்ததும் நாய் குரைத்தால்கூட ஓடிவந்து "அது என்ன, ஏன்?" என்று கேட்கிறது. உண்பதும் உறங்குவதும் உடலின் பசி, இது உயிரின் பசி என்கிறார் அபாய். அவருடைய அறிவுக் கொள்கையின் வேர் இங்கேதான்.

பதின்மூன்றில் ஈமானை, அதாவது இறைநம்பிக்கையை, இரண்டாகப் பிரிக்கிறார். அறிவால் ஆராய்ந்து தெளிந்து நம்புவது யகீன். முல்லா சொல்லக் கேட்டு நம்புவது தக்லீத். நம் ஊர் முஸ்லிம் வாசகர்களுக்கு இந்தச் சொற்கள் பழக்கமானவை. இரண்டாவதை அவர் தள்ளிவிடவில்லை. ஆயிரம் பேர் ஆயிரம் சொன்னாலும் குலையாத உறுதி அதற்கு வேண்டும் என்கிறார்.

பதினேழில் மனவலிமை, அறிவு, இதயம் மூன்றும் 'நானே பெரியவன்' என்று வழக்காடுகின்றன. தீர்ப்புச் சொல்லும் கல்வி, அறிவைப் பார்த்து, "சூழ்ச்சியும் உன்னிடமிருந்துதானே பிறக்கிறது" என்கிறது. மூவரும் ஒன்றுகூடி இதயத்துக்குக் கட்டுப்படவேண்டும், ஒத்துப்போகாவிட்டால் நான் இதயத்தின் பக்கம் என்று முடிக்கிறது. அபாயை வெறும் பகுத்தறிவுவாதியாகப் படிப்பவர்கள் சறுக்குவது இந்த இடத்தில்.

இனி 38. உயிர், அறிவு, ஆற்றல், பார்வை, செவி, நாட்டம், பேச்சு, படைப்பு என்ற இறைப்பண்புகள் எட்டையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் 'சயின்ஸ்' என்று வரும் இடங்களில் மூலச்சொல் பெரும்பாலும் 'கிலிம்'. அறிவு என்று பொருள்படும் அரபியின் 'இல்ம்'தான் அது. சயின்ஸ் என்றதும் ஆய்வுக்கூடம் நினைவுக்கு வந்துவிடுகிறது; உங்களுக்கு இரண்டு பக்கம் தெரிந்ததற்கு அதுவே முக்கியக் காரணம். அபாய்க்கு அந்தச் சொல் சீட்டில் இரண்டாவதாக இருக்கும் இறைப்பண்பு. இறைவனைப் போல ஆகமுடியாது, ஆனால் அவன் பண்புகளைத் தன்னால் இயன்றவரை பின்பற்றலாம் என்பது அவர் வாதம். அதனால் கற்பதே இறைவழி நடப்பதாகிறது. பொருளுக்கும் புகழுக்கும் மரியாதைக்கும் ஆசைப்பட்டுப் படிப்பவனுக்கு அறிவின் உண்மை பிடிபடாது என்று அதே சொல்லில் எழுதுகிறார். அந்த வரியில் நின்று, ஏழாம் சொல்லின் குழந்தையை ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.