செங்கல்லுக்குப் பின்னால் மரம் இருக்கிறது

தம்பி, அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் வாங்கிய செங்கல் வீட்டில் பெல்லட் அடுப்பு, அதாவது மரத்தூளை இறுக்கிச் செய்த சிறு குச்சிகளை எரித்து வீட்டைச் சூடாக்கும் அடுப்பு, வைக்கப் போகிறீர்கள், "செங்கல்தான் எரியாதே, சுவரில் துளை போட்டுக் குழாயை நேராக வெளியே விட்டால் போதாதா?" என்று கேட்டிருந்தீர்கள். போதாது.

விடுமுறைக்குக் காவேரிப்பட்டணம் வந்திருக்கிறேன். அம்மா விறகடுப்பில் களி கிண்டுகிறார். புகை ஓட்டு இடுக்கு வழியே தானாகப் போய்விடுகிறது. பாலக்கோட்டில் உங்கள் வீட்டிலும் அப்படித்தான் பார்த்து வளர்ந்திருப்பீர்கள். அங்கேயோ குளிருக்காக இண்டு இடுக்கெல்லாம் அடைத்த வீடு.

நம் ஊரில் செங்கல் சுவர் என்றால் முழுக்கச் செங்கல். அங்கே பல வீடுகளில் வெளியே ஒரு வரிசைதான் செங்கல். அதன் பின்னால் பலகையும் மரச்சட்டங்களும். குழாயின் சூடு அந்த மரத்தைத் தொடக்கூடாது. அதற்காகத்தான் 'திம்பிள்' என்ற இரும்பு உறையைச் சுவருக்குள் பொருத்துகிறார்கள். மரத்துக்கும் குழாய்க்கும் எங்கள் குழாயின் கையேடு 3 அங்குல இடைவெளி கேட்டது. உங்களுடையது சொல்வதைப் பாருங்கள். பெல்லட் அடுப்புக்கென்றே வரும் இரட்டைச் சுவர்க் குழாயை வாங்குங்கள். துணி உலர்த்தியின் அலுமினியக் குழாய் மலிவு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

அங்கே என் முதல் குளிர்காலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அடுப்பைப் பொருத்தியவர் குழாயைக் கிடைமட்டமாக வெளியே நீட்டிவிட்டுப் போய்விட்டார். பனிப்புயல் இரவில் மின்சாரம் போனது. புகையைத் தள்ளும் விசிறி நின்றது. அடுப்பின் எரிகிண்ணத்தில் பெல்லட் கனன்றுகொண்டே இருந்தது. புகை திரும்பி வீட்டுக்குள் வந்தது. கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவைக் கண்டால் ஒலிக்கும் அலாரம் கத்தியதால்தான் விழித்தோம். உறைபனியில் பிள்ளைகளைப் போர்வையோடு தூக்கிக்கொண்டு ஓடினேன். அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது, தம்பி.

அதற்குப் பிறகு வெளியே 'டி' (T) வடிவக் குழாய் இணைப்பு வைத்துக் குழாயை 5 அடி மேலே ஏற்றினோம். விசிறி நின்றாலும் சூடான புகை மேல்நோக்கி இழுபடும். 'டி'யின் அடிமூடியைக் கழற்றினால் சாம்பல் பொலபொலவென்று கொட்டும். குளிர்காலத்தில் அடிக்கடி கழற்றிப் பாருங்கள். இணைப்புகளுக்குக் கையேடு சொல்லும் வெப்பம் தாங்கும் சிலிக்கோன் பசை பூசுங்கள். குழாயின் வாய் ஜன்னலுக்குக் கீழேயோ பக்கத்திலேயோ இருந்தால் வழக்கமாக 4 அடி தள்ளி இருக்க வேண்டும். பனி எவ்வளவு உயரம் குவியும் என்று அக்கம்பக்கத்தாரிடம் கேட்டு, அதற்கு மேலேயே வையுங்கள்.

துளை போட வைர முனைத் துளைக்கருவி வாடகைக்குக் கிடைக்கும். கிருஷ்ணகிரி கிரானைட் பட்டறைகளில் செய்வதுபோலவே தண்ணீர் விட்டு, மெதுவாக. மழைநீர் உள்ளே வராமலிருக்கத் துளை வெளிப்பக்கம் சற்றே சரியட்டும்.

நகராட்சி அனுமதி வாங்கிய பிறகே சுவரைத் தொடுங்கள். அலாரத்தை இன்றைக்கே வாங்கிப் படுக்கையறைக்குப் பக்கத்தில் மாட்டிவிடுங்கள். அடுப்பு மெதுவாக வரட்டும்.